வெண்ணெய்க்கு முழு மார்க்

புதன்கிழமை சாயங்காலம் ஆனால்தான் எங்கள் தெருப் பெண்களுக்கு மூச்சு திரும்பும். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆண்கள் எல்லாம் அன்றைக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, இருக்கிற நாலு முடியையும் சீவிக்கொண்டு, தாங்கள் போகாவிட்டால் ஊரே நின்றுவிடும் என்கிற மாதிரி மன்றத்துக்குக் கிளம்புவார்கள். பலகையில் 'ஓய்வுபெற்ற போக்குவரத்துத் தொழிலாளர் மன்றம்' என்று எழுதியிருக்கும். வீட்டுக்காரிகள் வைத்த பேர் பாலர் பள்ளி. கொண்டுபோய் விட வேண்டாம், போய்க் கூட்டிவர வேண்டாம், டீயும் பிஸ்கெட்டும் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?

மன்றம் இருப்பது டயர் கடைக்கு மேல் மாடியில். படி ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். உள்ளே நாற்காலி கிடையாது. டிப்போவில் கழித்துப்போட்ட பஸ் சீட்டுகளைத் தூக்கிவந்து வரிசையாகப் பொருத்தியிருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே டிரைவர்கள் முன் வரிசை ஜன்னலோரம் உட்காருவார்கள். கண்டக்டர்கள் கதவுப் பக்கம். மெக்கானிக்குகள் எந்த சீட் கிறீச்சிடுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு கேரம் போர்டு, எல்லாரும் படித்து முடித்துக் கசங்கிய பேப்பர், மூலையில் செய்தி மட்டும் கேட்கிற ரேடியோ. எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டால், டயர் கடைக்காரர் பெண்டாட்டிதான் மேலே டீ கொண்டுபோகிறவள். அவள் எனக்கு வேண்டியவள்.

மாதத்துக்கு ஒரு புதன் வெளியாள் யாராவது வந்து பேசுவார்கள். பல் டாக்டர் வந்திருக்கிறார். தேனீ வளர்க்கிறவர் வந்திருக்கிறார். தீயணைக்கும் சிலிண்டர் விற்கிறவர் ஒருவர் வந்து, பாதிப் பேச்சில் தானே இருமல் தாங்காமல் உட்கார்ந்துவிட்டார். பேச வந்தவர் முகம் வாடக் கூடாது என்பது அந்த மன்றத்தின் சட்டம். அதற்காகச் செயலாளர் முந்தின நாளே கேள்விகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார். அவர் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். எழுந்து நின்றவனுக்குக் கேள்வி மறந்துபோனால் பக்கத்து சீட்காரன் காதில் ஓதுவான். அவனுக்கும் மறந்தால் பின்னால் இருப்பவன். வெளியாள் முன்னால் நம்ம ஆள் ஒருத்தன் முழிக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த நல்ல குணம்தான் எதிர்வீட்டு அக்கா தலையில் விடிந்தது.

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அக்கா வீட்டு முன்னறை. அக்கா துணி திருத்தித் தருகிறவள். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிரித்துவிடுவது. ஊரில் யாருக்குத் தொப்பை போட்டிருக்கிறது, யார் கவலையில் இளைத்திருக்கிறார் என்பது முதலில் அவளுக்குத் தெரியும். அடுத்தது எனக்கு. தையல் பிரித்துக் கொடுக்கிற சாக்கில் பாதி நாள் நான் அங்கேதான் இருப்பேன்.

அவள் வீட்டுக்காரரை ஊர் முழுக்க வெண்ணெய் என்றுதான் கூப்பிடும். திட்டு என்று நினைக்க வேண்டாம். டிப்போவில் அவர் டிரைவர். அவர் பிரேக் போட்டால் நிற்கிற பயணி கையில் இருக்கிற டீ கூடத் தளும்பாதாம்; வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வண்டி நிற்குமாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ஒரு கீறல் கிடையாது. அதை அவரே சொல்லுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

போன வருடத்திலிருந்து அந்த மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வருவார், கேட்டைத் திறப்பார், மூடுவார், உள்ளே போவார். மறுபடி வருவார். வாசலில் நிற்கிற பழைய சின்னக் காரை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் உறும விட்டுவிட்டு அணைப்பார். அக்கா இங்கே மிஷினை மிதித்துக்கொண்டே காதை அங்கே வைத்திருப்பாள். கார் சத்தம் கேட்டால் மிஷின் நிற்கும். கார் அணைந்தால் மிஷின் ஓடும். 

அக்கா எதையும் சட்டென்று சொல்கிறவள் இல்லை. ஒரு நாள் ஊசியில் நூல் கோக்கத் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். கண் ஆஸ்பத்திரிக்கு அவளைக் காரில் கூட்டிப்போனாராம். ரவுண்டானாவுக்குள் நுழைந்தவர் வெளியே வரவில்லை. சுற்றுகிறார், சுற்றுகிறார். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவள் கை காட்டிய பிறகுதான் வந்தாராம். வந்ததும் சொன்னாராம், ரோட்டை மாத்திட்டானுங்க, ஒருத்தன்கிட்டயும் சொல்றதில்ல என்று. அவர் தினம் ரெண்டு நடை பஸ் ஓட்டின ரவுண்டானா அது.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவன் எதற்கு அங்கே போய் உட்கார வேண்டும் என்பார். அப்புறம் ஒரு வாரம் பேச்சு நின்றுபோகும்.

இதெல்லாம் வீட்டோடு இருந்தால் அக்கா பொறுத்துப் போயிருப்பாள். ஆனால் காற்றுக் காலம் தொடங்கியிருந்தது. காற்றுக் காலம் முடிவதற்குள் மன்றத்துக்காரர்கள் வேன் எடுத்துக்கொண்டு மலை மேல் இருக்கிற ஏரிக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வருவார்கள். வருடா வருடம் நடப்பது. வேன் வாடகைக்கு வரும், டிரைவர் வரமாட்டான். டிரைவர் எப்போதும் வெண்ணெய்தான். அந்த மலை ரோட்டில் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. வளைவுக்கு வளைவு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியில் எதிரே வருகிறவன் தெரிவதற்கு முன்னால் நம் முகத்தின் பயம் தெரியும்.

"வேன் நிறைய ஆளுங்க. அத்தனை பேரும் பெண்டாட்டி பிள்ளைங்க உள்ளவங்க. எனக்கு ராத்திரி கண்ண மூடினா அந்த வளைவுதான் வருது," என்றாள் அக்கா.

அவள் மூளைக்கு ஒரு வழி தோன்றியது. அவர் டாக்டரிடம் போகமாட்டார், சரி. டாக்டர் மன்றத்துக்கு வந்தால்? திருத்தக் கொடுத்த பேண்ட்டை வாங்க வந்த டைம்கீப்பரிடம் மெதுவாகப் பேச்சைப் போட்டாள். மறதியைப் பற்றி ஒரு டாக்டரம்மா நன்றாகப் பேசுகிறாராம், சின்னதாக ஒரு சோதனையும் வைக்கிறாராம், வயசானவங்களுக்கு நல்லதுதானே என்றாள். அடுத்த மாதத்துக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த டைம்கீப்பருக்கு வாயெல்லாம் பல். ஏன் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புருஷனைப் பற்றி வெளியில் சொல்வதற்கு நாக்கு எழவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அந்தப் புதன் சாயங்காலம் அக்கா ஒரே ஜிப்பைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் வெண்ணெய் வந்துவிட்டார். பக்கத்தில் விசில்.

விசில் என்பவர் கண்டக்டர். வெண்ணெய் ஓட்டின பஸ்ஸில் கடைசிவரை கூடவே இருந்தவர். டியூட்டி மாற்றிப் போட்டால் ரெண்டு பேரும் சேர்ந்து லீவு போட்டுவிடுவார்கள் என்பதால் மேலதிகாரிகளே பிரிக்காமல் விட்டுவிட்டார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் மன்றத்துக்குச் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். நாங்கள் அதை வெறும் ஒட்டுதல் என்று நினைத்திருந்தோம்.

வெண்ணெய் வாசலிலேயே சொன்னார்: "முழு மார்க். டாக்டரம்மா கையைக் குடுத்துட்டுப் போச்சு. உங்க வயசுல இவ்வளவு தெளிவா யாரையும் பார்த்ததில்லைன்னு சொல்லுச்சு."

அக்கா முகம் ஒரு நிமிஷம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தப்பாக நினைத்துவிட்டோமோ, எல்லாம் நம் பயம்தானோ என்கிற மலர்ச்சி. அன்றைக்கு அவள் ரேடியோவைக் கூடப் போட்டாள்.

மறுநாள் காலையில் டயர் கடைக்காரி என்னைக் காய் கடையில் பிடித்துக்கொண்டாள். சிரிப்புத் தாங்காமல் சொன்னாள். டாக்டரம்மா பேச்சைத் தொடங்கும்போதே நாலு வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். வெண்ணெய் எழுந்து நின்றதும் ஒரு வார்த்தையும் வரவில்லை. உடனே விசில் கதவோரத்திலிருந்து குடை விரிக்கிற மாதிரி கையை விரித்தாராம். குடை என்றார் வெண்ணெய். மெக்கானிக் ஒருவர் கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினார். யானை. ஒருவர் காலைத் தூக்கிச் செருப்பைக் காட்டினார். டைம்கீப்பரே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ரயில் மாதிரி ஊதினாராம். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது ஒருவர் எழுந்து போய் சுவர் காலண்டர் பக்கத்தில் நின்று சோம்பல் முறித்தாராம். டாக்டரம்மா சின்னப் பொண்ணு. அவள் ஒயரைக் கம்ப்யூட்டரில் சொருகுவதும் எடுப்பதுமாக இருந்தாள், பாதி பார்க்கவில்லை, பார்த்த பாதியை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"பள்ளிக்கூடத்துப் பசங்க தோத்தாங்க போ," என்றாள் டயர் கடைக்காரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காயைக் கூட வாங்காமல் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நமக்கெதுக்கு வம்பு என்று இருக்கிற ஆள் நான் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அதிலும் இது வம்பு இல்லை.

அக்கா கடைசிவரை கேட்டாள். ரேடியோவை அணைத்தாள். விசிலுக்குப் போன் போட்டு, பேண்ட் தயார், வந்து வாங்கிக்கோங்க என்றாள். அவர் பேண்ட் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். வந்தபோது தலை தொங்கியிருந்தது. வெண்ணெய் கொல்லைப்பக்கம் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழக் கூடாது என்று அக்கா மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள். துணி இல்லாமல் வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு பேண்ட்டின் இடுப்பைப் பிரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை நாளாண்ணே உங்களுக்குத் தெரியும்?"

"என்னது தங்கச்சி?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மன்றத்துல அத்தனை பேரு இருந்தாங்க, முதல்ல கை விரிச்சது நீங்க. மத்தவங்க உதவிக்கு வந்தவங்க. நீங்க தயாரா இருந்தவரு."

விசில் நூல்கண்டு ஒன்றை எடுத்து உருட்டினார். "போன வருஷம் ஏரிக்குப் போயிட்டுத் திரும்பறப்ப," என்றார். "கீழ எறங்கி பெரிய ரோட்டுக்கு வந்தோமா, வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா உக்காந்திருந்தான். என்னடான்னேன். எந்தப் பக்கம்னான். நான் விளையாடுறான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் முன் சீட்டுக்குப் போயிட்டேன். லெஃப்டு, ரைட்டுன்னு பேச்சோட பேச்சா சொல்லிக்கிட்டே வந்தேன். ஒருத்தனுக்கும் தெரியல. மன்றத்துக்குப் போறப்பவும் அப்படித்தான். எந்தத் தெருவுல திரும்பணும்னு நான் அரை அடி முன்னாடி நடப்பேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல?"

"எப்படிச் சொல்றது தங்கச்சி? முப்பது வருஷம் அவன் பின்னாடி நின்னவன் நான். அவன் திரும்பியே பார்க்கமாட்டான். கண்ணாடியில கூடப் பார்க்கமாட்டான். நான் ஒரு விசில் அடிச்சா நிறுத்துவான், ரெண்டு அடிச்சா எடுப்பான். படியில தொங்குறவன், எறங்குற புள்ளத்தாச்சி, எல்லாத்தையும் என்கிட்ட விட்டுட்டு ஓட்டினவன். அவனைப் போய் நாலு பேரு முன்னாடி முழிக்க விடச் சொல்றியா?"

அக்கா மிதிப்பதை நிறுத்தினாள். வீடே சட்டென்று அமைதியானது. பிறகு ஞாபகம் வந்து மறுபடி மிதித்தாள்.

"பின்னாடி நீங்க பார்த்தீங்க, சரி," என்றாள். "அந்த வளைவுல முன்னாடி யாருண்ணே பார்க்கிறது?"

அக்கா விடவில்லை.

"அந்த டாக்டரம்மா வாயால வரட்டும்னு இருந்தேன். நான் சொன்னா சண்டைக்காரி. டாக்டரு சொன்னா கேட்டிருப்பாரு. இப்ப நான் வாயத் திறந்தா முழு மார்க்குன்றாரு. நீங்க எல்லாரும் சேர்ந்து அவரைக் காப்பாத்தல. அவரைக் கொண்டுபோய் அந்த மலையில ஏத்திவிட்டிருக்கீங்க. நீங்களும் ஏறப்போறீங்க."

விசில் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அடுத்த வாரம் சனிக்கிழமை ஏரிக்கு வேன் கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், நீ கவலைப்படாதே என்றார்.

சொன்னாரா? தினம் சாயங்காலம் வந்தார். கேட் கொண்டியை நகர்த்திக்கொண்டு நின்றார். காற்றைப் பற்றிப் பேசினார். ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டதாம் என்றார். வெண்ணெய் அவருக்கு டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று விளக்கினார். முந்தின நாள் விளக்கினதையே விளக்கினார். விசில் முதல்முறை கேட்பது போலத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஜன்னலில் நின்று பார்த்துப் பார்த்து எனக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். ஆனால் மன்றத்து ஆட்களிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு டயர் கடைக்காரி மூலம் தெரிந்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டார்களாம். யார் அவனிடம் சொல்வது என்று வந்தபோது கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்களாம்.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே காற்று. கதவுகள் எல்லாம் தானாக அடித்துக்கொண்டன. வேன் தெருவில் நின்றது. வெண்ணெய் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அக்கா வாசலில் கையில் கத்தரிக்கோலோடு நின்றாள். வேலைக்கு எடுத்தது, கீழே வைக்க மறந்துபோயிருந்தாள்.

ஆட்கள் பையும் போர்வையுமாக வந்தார்கள். வந்தவர்கள் ஏறவில்லை. ஒருவர் செருப்பு வாரைச் சரி செய்தார். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். மெக்கானிக் ஒருவருக்குத் திடீரென்று மைத்துனி வீட்டு ஞாபகம் வந்தது. டைம்கீப்பர், காற்று கொஞ்சம் அடங்கட்டுமே என்றார். நேரம் தவறினால் டிரைவர்களைக் கிழித்துத் தொங்கப்போட்ட மனுஷன்.

"ஏறுங்கப்பா, வெயில் வந்துரும்," என்றார் வெண்ணெய். சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

அதைப் பார்த்துவிட்டு டைம்கீப்பர் ஏறினார். அடுத்தவர் ஏறினார். ஒவ்வொருவராக எல்லாரும் ஏறி உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். பாசமா பைத்தியமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியாக விசில் படியில் நின்றார். ஏரிக்குப் போகும்போது வருடா வருடம் பழைய விசிலைக் கொண்டுவந்து ஊதித்தான் வண்டியை எடுக்க வைப்பார். அது அவர்களுக்குள் ஒரு கொண்டாட்டம்.

வெண்ணெய் இன்ஜினைப் போட்டார். கியரில் கை வைத்தார். காத்திருந்தார்.

விசில் ஊதவில்லை.

"ரைட் குடுடா."

வாயில் விசில் இருக்கிறது, ஊதவில்லை. வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வெண்ணெய் எடுக்கவில்லை. வீட்டு வழி மறந்த மனுஷனுக்கு அது மறக்கவில்லை பாருங்கள். ரெண்டு விசில் கேட்காமல் அவர் கால் நகராது.

விசில் படியிலிருந்து இறங்கி, வேனைச் சுற்றிக்கொண்டு டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"எறங்குடா. குலுக்கி ஓட்டட்டும்."

குலுக்கி என்பவரும் ஓய்வு பெற்ற டிரைவர்தான். பேரிலேயே அவர் ஓட்டுகிற லட்சணம் இருக்கிறது. அவர் கடைசி வரிசையில் போர்வைக்குள் ஒடுங்கினார்.

"குலுக்கியா? அவன் ஓட்டினா ஏரிக்குப் போய்ச் சேர்றப்ப நமக்குப் பல்லு இருக்காது." வெண்ணெய் சிரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"டாக்டரம்மா கேட்டதுக்கு நீ சொல்லலடா. நாங்க சொன்னோம்."

"எல்லாருக்கும்தான் எல்லாரும் சொல்றோம். நம்ம மன்றத்துல புதுசா?"

"எங்களுக்கு மறந்தா கேள்விதான்டா மறக்கும்," என்றார் விசில். 

வெண்ணெய் சீட்டில் திரும்பினார். பின்னால் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் மடியில் இருந்த பைக்குள் போனது. டைம்கீப்பருக்குத் தாங்கவில்லை. தனக்குக் கூடத்தான் சொந்த போன் நம்பர் ஞாபகம் இல்லை என்று தொடங்கினார். இன்னொருவர், மூக்குக் கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டே தேடுகிறேன் என்றார். உடனே ஆளாளுக்கு மறந்ததை எல்லாம் எடுத்து விட்டார்கள். வேனுக்குள் ஏலம் போட்ட மாதிரி இருந்தது.

அக்கா தெருவுக்கு இறங்கி வந்தாள். சத்தம் நின்றது.

"அவங்க கண்ணாடியத் தேடுறாங்க," என்றாள். "நீங்க நம்ம வீட்டத் தேடுறீங்க."

காற்றில் அவள் முந்தானை பறந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர் அதை விலக்கிவிட்டுக் கேட்டார், "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரவுண்டானா அன்னைக்கு."

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்," என்றார் வெண்ணெய்.

இன்ஜினை அணைத்தார். இறங்கினார். ஒருவரும் கை கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் வாங்கியிருக்கமாட்டார். நேரே பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டார். குலுக்கி முன்னால் வந்து உட்கார்ந்து சீட்டை நகர்த்தினார், கண்ணாடியைத் திருப்பினார், மறுபடி சீட்டை நகர்த்தினார். விசில் ரெண்டு ஊதினார். பாதி காற்றுதான் வந்தது. வேன் ஒரு உதறு உதறிக்கொண்டு கிளம்பியது.

அன்றைக்குப் பகல் முழுக்க அக்கா வீட்டில் மிஷின் ஓடவில்லை. அவர் கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்ததை இப்போது அவள் நடந்தாள். நான் போய் ஒரு ரொட்டியையும் முட்டையையும் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் போனபோது அப்படியே இருந்தது. மனுஷனை நாலு பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் எந்த வளைவில் நின்றிருப்பார்களோ என்றாள். வரட்டும், திட்டட்டும், ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும், ஆனால் வந்துவிடட்டும் என்றாள். இப்படியே மாற்றி மாற்றி.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேன் வந்தது. குலுக்கி போட்ட பிரேக்கில் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் ஒரு தடவை அக்காவுக்குக் கும்பிடு போட்டார்கள். எல்லாரும் முழுசாக இருந்தார்கள். எனக்கு ஜன்னலில் நிற்க முடியவில்லை. குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

முதலில் இறங்கினது வெண்ணெய். முகம் வெயிலில் கறுத்து, தலை கலைந்து, பளிச்சென்று இருந்தது. கோபம் என்று தேடினாலும் இல்லை. நேரே அக்காவிடம் வந்தார்.

"ஏரி ரொம்பிக் கெடக்கு. நீயும் வந்திருக்கலாம்," என்றார். "அந்தக் கடைசி வளைவுல எதிர்க்க ஒரு லாரிக்காரன் வந்தான் பாரு. நான் அப்படியே ஓரத்துல கட்டினேன். ஒருத்தன் முழிக்கல, தூங்கிட்டிருந்தவன் தூங்கிட்டே இருந்தான். கேட்டுப் பாரு. கை இன்னும் மறக்கல எனக்கு."

பின்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் இறங்கின இடத்திலேயே நின்றார்கள். குலுக்கி டிரைவர் சீட்டிலேயே இருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. அதைச் சத்தம் வராமல் மடியில் வைத்துக்கொண்டார்.  இந்தத் தடவை ஒருவரும் கை விரிக்கவில்லை, கனைக்கவில்லை. எல்லாரும் அக்கா முகத்தைப் பார்த்தார்கள். பரீட்சை இப்போது அவளுக்கு.

அக்கா அவர் சட்டையில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டாள்.

"நல்லா கொண்டுவந்து சேர்த்துட்டீங்க," என்றாள். "போய்க் கை கால் கழுவுங்க."

"ஆமாண்ணே," என்றார் குலுக்கி, ஜன்னல் வழியாக, "வெண்ணெய் மாதிரி இருந்துச்சு." வாழ்நாள் முழுக்க இவரிடம் ஏச்சு வாங்கினவர் அவர். அன்றைக்கும் போக வர ஒவ்வொரு வளைவிலும் வாங்கியிருப்பார்.

வெண்ணெய் திருப்தியாக உள்ளே போனார். வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அக்கா முந்தானையால் ஒரு தடவை முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு விசில் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை டாக்டரம்மாவப் பார்க்கப் போறோம்ணே. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாரு, நீங்களும் வரணும்," என்றாள். "ஆனா உள்ள வரக் கூடாது. வெளியில பெஞ்சு போட்டிருப்பாங்க. அங்கேயே உக்காருங்க. கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க."

விசில் சரி என்று தலையை ஆட்டினார்.